மாற்றும் முன் பார்க்கும் கட்டளைகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் கணினிக்கென்று தனி ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு நிறுவனங்கள் ஏராளம். கல்லூரி, அச்சகம், ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை, முந்திரி ஆலை, சிறிய மருத்துவமனை என்று ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இல்லையென்றால், மாத வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். இவற்றைப் பார்த்துக்கொள்வதற்கு எங்களைப் போல ஊர் ஊராகச் சுற்றும் சிலர் இருக்கிறோம். ஒரே ஆள் பல இடங்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால், எந்த சர்வரில் என்ன நிலைமை என்பது நினைவில் தங்குவதில்லை. ஆகவே உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே எதையும் தொட வேண்டும்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களிடம் நான் வலியுறுத்துவது ஒரு பிரிவினையைத்தான். லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸின் கட்டளைகளில் பார்ப்பவை ஒரு வகை, மாற்றுபவை இன்னொரு வகை. பார்க்கும் கட்டளையை எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. மாற்றும் கட்டளைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு, உண்மையில் எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் வழி ஒன்று உள்ளேயே இருக்கிறது. அந்த வழியைத் தெரிந்துவைத்திருப்பவர் தைரியமாக வேலை செய்யலாம். இங்கே கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளாகக் கொள்ள வேண்டும், பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கட்டளைக்குப் பின் கோடு போட்டுச் சேர்க்கும் விருப்பங்களில் டி என்று வந்தால் அது "டெஸ்ட்" என்பதன் முதல் எழுத்து, தனியாகப் பி என்று வந்தால் "பூட்" என்பதன் முதல் எழுத்து.

எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் மிகப் பழகிப்போனது டிஸ்க் நிறைந்துவிட்டது என்பதுதான். டிஸ்க் நிறைந்தால் தரவுத்தளம் எழுத மறுக்கும், மின்னஞ்சல் நிற்கும், சில வேளைகளில் உள்ளே நுழைவதே சிரமமாகிவிடும். இந்த நேரத்தில் எல்லோருடைய கையும், கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையை நோக்கித்தான் போகும். என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் ஒரு கல்லூரியின் சர்வரிலிருந்து அழைத்தான்: "எல்லா லாகையும் அழிச்சாச்சு அண்ணே, பொறவும் நூறு சதவீதம்னுதான் காட்டுது." (லாக் என்பது நடப்பதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு.) நான் அவனிடம், "அழிச்ச கோப்ப இன்னும் பிடிச்சு வச்சிருக்கது யாருன்னு பாரு மக்கா" என்றேன். யூனிக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்றால் கோப்புறையிலிருந்து அதன் பெயரை நீக்குவது மட்டுமே. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை அது பிடித்திருக்கும் இடம் விடுவிக்கப்படாது. ஆகவே டிஎஃப் கட்டளை முழு டிஸ்க்கும் நிறைந்திருப்பதாகக் காட்டும். கோப்புறைகளைக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளையோ பாதிகூட நிறையவில்லை என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒன்று டிஸ்க்கைக் கேட்கிறது, மற்றொன்று பெயர்களைக் கேட்கிறது.

இப்படி இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதபோது எல்எஸ்ஓஎஃப் கட்டளையுடன் +எல்1 என்று (எல் பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டினால், பெயர் நீக்கப்பட்ட பிறகும் திறந்த நிலையிலேயே இருக்கும் கோப்புகள் அனைத்தும், அவற்றைப் பிடித்திருக்கும் நிரலின் எண்ணுடன் பட்டியலாக வரும். தம்பி பார்த்தபோது அங்கே இருந்தது வலைச் சர்வரின் அணுகல் லாக். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் விடுபட்டுவிடும். தேர்வு முடிவு வெளியாகும் நேரம் போல மறுதொடக்கம் செய்ய முடியாத வேளையில், /புராக் என்னும் கோப்புறைக்குள் அந்த நிரலின் எண்ணுக்குரிய எஃப்டி கோப்புறையைத் திறந்து, எல்எஸ்ஓஎஃப் காட்டிய அதே விவரிப்பு எண்ணுக்குள் வெறுமையைத் திருப்பி எழுதினால் போதும். சேவை நிற்காமலேயே இடம் கிடைத்துவிடும்.

லாக் கோப்பை அழிப்பதற்குப் பதிலாக, டிரங்கேட் கட்டளையால் அதன் நீளத்தைச் சுழியமாக்குவது தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதும் முறையில் திறக்காத நிரலாக இருந்தால், சுழியமாக்கிய பிறகும் அது தான் விட்ட இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். அப்போது எல்எஸ் கட்டளை பழைய பெரிய அளவையே காட்டும், டியூ மட்டும் சிறிய அளவைக் காட்டும். நடுவில் இருப்பது வெற்றிடம். இதைக் கண்டு மறுபடியும் அழிக்கப் புறப்படுவோர் உண்டு. அதற்குத் தேவையில்லை.

இடம் மிச்சம் இருக்கும்போதே "இடமில்லை" என்று பிழை வந்தால், டிஎஃப் -ஐ என்று கேட்க வேண்டும். கோப்பு அமைப்பில் பைட்டுகளுக்கு ஒரு வரம்பு இருப்பதுபோல, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஐநோடு என்ற பெயரில் ஒரு வரம்பு இருக்கிறது. பிஎச்பி நிரல்கள் விட்டுச்செல்லும் செஷன் கோப்புகள், அனுப்பப்படாமல் தேங்கிய மின்னஞ்சல்கள் போன்ற பொடிக் கோப்புகள் இலட்சக்கணக்கில் சேர்ந்தால் அந்த வரம்பு தீர்ந்துவிடும். எந்தக் கோப்புறையில் அவை குவிந்திருக்கின்றன என்று அறிய டியூ கட்டளையில் --ஐநோட்ஸ் என்ற விருப்பம் இருக்கிறது. டியூவை எதற்குப் பயன்படுத்தினாலும் -எக்ஸ் சேர்ப்பது நல்லது. அது வேறு டிஸ்க்குகளுக்குள்ளும் நெட்வொர்க் கோப்புறைகளுக்குள்ளும் போகாமல் அந்த ஒரே கோப்பு அமைப்புக்குள் நின்றுகொள்ளும். இதே தொடர்பில் இன்னொன்று: ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பை உருவாக்கும்போது 5 சதவீத இடம் ரூட் என்னும் தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கப்படுகிறது. இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் அது அவசியம். பேக்கப்புக்காக மட்டும் வாங்கிய 1 டெராபைட் டிஸ்க்கில் ஏறத்தாழ 50 ஜிகாபைட் சும்மா கிடக்கும். டியூன்2எஃப்எஸ் -எம் கட்டளையால் அந்த விகிதத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது லாக் படிப்பது. யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆனால் இன்று நாம் அதன் உயிராகக் கருதும் பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாய், 1973இல்தான் உள்ளே வந்தது. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதிவைத்திருந்தார். அதைச் செயலாக்கியவர் கென் தாம்சன். கோப்புக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையும் தாம்சனுடையதே. வரிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கையாளும் ஆக் மொழியை 1977இல் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கினர். அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளே அதற்குப் பெயராயின. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இவை மூன்றையும் வைத்துத்தான் நாங்கள் அன்றாடம் சோறு உண்கிறோம்.

வலைச் சர்வர் திடீரென்று திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அணுகல் லாகின் ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது வந்தவரின் ஐபி முகவரி. ஆக் கொண்டு அந்த முதல் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரே மாதிரியான வரிகளை எண்ணும் யூனிக் -சிக்கு அனுப்பி, பெரிய எண் முதலில் வர மறுபடியும் சார்ட் -ஆர்என்னுக்கு அனுப்பி, ஹெட் கட்டளையால் முதல் பத்து வரிகளை மட்டும் பார்த்தால், யார் அதிகமாகக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் முதல் சார்ட். யூனிக் கட்டளை அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை மட்டுமே ஒன்றாகச் சேர்க்கும்; வரிசைப்படுத்தாமல் அனுப்பினால் ஒரே முகவரி பல இடங்களில் சிறு சிறு எண்ணிக்கையாகச் சிதறிக் கிடக்கும். ஆக் எடுக்கும் பகுதியின் எண்ணை மட்டும் மாற்றினால், இதே வரியைக் கொண்டு எந்தப் பக்கம் அதிகம் கேட்கப்படுகிறது, எந்தப் பிழை எண் அதிகம் வருகிறது என்பதையும் அறியலாம். ஒரே ஒரு பைப் தொடரை மனப்பாடம் செய்யச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஓடிக்கொண்டிருக்கும் லாகைப் பார்க்க டெயில் -எஃப் எல்லோருக்கும் தெரியும். அதில் எஃப் என்பதைப் பெரிய எழுத்தாகப் போடுவது மேல். நள்ளிரவில் லாக்ரொட்டேட் பழைய கோப்பின் பெயரை மாற்றிப் புதியதைத் திறக்கும்போது, சிறிய எழுத்து பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். பெரிய எழுத்து புதிய கோப்புக்கு மாறிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது லெஸ் கட்டளையை +எஃப் (இதுவும் பெரிய எழுத்து) சேர்த்துத் திறப்பது. வரிகள் ஓடும்போது கண்ட்ரோல்-சி அழுத்தினால் நின்று, மேலே போய்த் தேட விடும். மறுபடியும் பெரிய எஃப் அழுத்தினால் ஓடத் தொடங்கும். சுருக்கி வைத்த பழைய லாகுகளை விரித்து வைக்க வேண்டியதில்லை, ஜிகிரெப் அவற்றுக்குள்ளேயே தேடும். டெயிலிலிருந்து கிரெப்புக்கும், அங்கிருந்து இன்னொரு கட்டளைக்கும் அனுப்பும்போது எதுவும் வராமல் திரை உறைந்து நிற்பதாகத் தோன்றினால், கிரெப் தன் வெளியீட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். --லைன்-பஃபர்டு என்ற விருப்பம் அதை வரிக்கு வரி விடச் செய்யும்.

இனி ஒத்திகை. பழைய தற்காலிகக் கோப்புகளை நீக்க ஃபைண்ட் கட்டளையைப் பயன்படுத்துகிறோம். முதலில் கடைசியில் -பிரிண்ட் என்று போட்டு ஓட்டி, வரும் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். பட்டியல் சரியென்றால், மேல் அம்புக்குறியை அழுத்தி, அந்த ஒரே சொல்லை மட்டும் -டெலீட் என்று மாற்ற வேண்டும். சொற்களின் வரிசைக்கு இங்கே உயிர் போகிற முக்கியத்துவம் உண்டு. ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும். -டெலீட்டை -நேமுக்கு முன்னால் எழுதிவிட்டால் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். -எம்டைம் +30 என்றால் 30 நாள் கழிந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். ஃபைண்ட் முழு 24 மணி நேரங்களாகக் கணக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவதால், குறைந்தது 31 நாள் ஆன கோப்புகள்தான் அதில் அகப்படும்.

ஆர்சிங்க் கட்டளைக்கு -என் சேர்த்தால் எதையும் நகலெடுக்காமல், எதை நகலெடுக்கும், --டெலீட் சேர்த்திருந்தால் எதை அழிக்கும் என்று மட்டும் சொல்லும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் அதன் உள்ளடக்கம் மட்டும் போகும்; இல்லையென்றால் அந்தக் கோப்புறையே மறுபுறத்தில் உருவாகும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்தச் சாய்கோட்டை நம்பாமல் ஒத்திகை பார்ப்பதே புத்திசாலித்தனம். உரையை மாற்றும் செட் கட்டளையை (ஸ்ட்ரீம் எடிட்டர் என்பதன் சுருக்கம்) -ஐ இல்லாமல் ஓட்டினால் மாற்றத்தைத் திரையில் மட்டும் காட்டும். உறுதியான பிறகு -ஐ உடன் ஒரு பின்னொட்டையும் சேர்த்தால் பழைய கோப்பை அந்தப் பின்னொட்டோடு பத்திரமாக வைத்துவிட்டு மாற்றும். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்பைத் திருத்தினால் எஸ்எஸ்எச்டி -டி, வலைச் சர்வரான என்ஜின்எக்ஸைத் திருத்தினால் என்ஜின்எக்ஸ் -டி. இரண்டும் எழுத்துப் பிழையை முன்கூட்டியே சொல்லிவிடும். நட்சத்திரக் குறி போட்டு எதையாவது அழிப்பதற்கு முன், அதே வரியின் தொடக்கத்தில் எக்கோ என்று சேர்த்தால், நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த நட்சத்திரத்தை எவ்வாறு விரிக்கிறது என்பது கண்ணெதிரே வந்து நிற்கும்.

குமரி மாவட்டத்தில் வேலை செய்பவருக்கு மழை ஒரு தனிப் பாடம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இங்கே பெய்கின்றன. இடியும் மின்தடையும் கூடவே வரும். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நின்று சுழல்கிற மாவட்டம் என்பதால் நமக்கு மின்சாரம் போகாது என்று எண்ண வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தாலே யூபிஎஸ் தீரும்வரை ஓடி சர்வர் அணைந்துவிடும்.

அப்படி அணைந்து எழுந்த சர்வரில் முதலில் கேட்க வேண்டியது லாஸ்ட் -எக்ஸ். ஒவ்வொரு தொடக்கமும் ஒவ்வொரு முறையான நிறுத்தமும் அதில் பதிவாகியிருக்கும். இரண்டு தொடக்கங்களுக்கு நடுவே நிறுத்தத்தின் பதிவு இல்லையென்றால் சர்வர் முறையாக நிறுத்தப்படவில்லை, சட்டென்று போயிருக்கிறது. அடுத்து ஜர்னல்சிடிஎல் -பி -1 என்று கேட்டால் முந்தைய ஓட்டத்தின் பதிவுகள் வரும். -இ சேர்த்தால் நேராகக் கடைசி வரிகளுக்கே போகலாம். பதிவுகள் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று அறுந்திருந்தால் மின்சாரத்தையும், டிஸ்க் பற்றிய பிழைகளோடு முடிந்திருந்தால் டிஸ்க்கையும் சந்தேகிக்கலாம். இந்தப் பதிவு மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டுமானால் /வார்/லாக்/ஜர்னல் என்ற கோப்புறை இருக்க வேண்டும். பல சர்வர்களில் அது இல்லாததால் முந்தைய ஓட்டத்தின் கதை நினைவகத்தோடு அழிந்துபோகிறது. பிறகு டிமெசேஜ் -டி (டி பெரிய எழுத்து) கொண்டு, இயங்குதளத்தின் மையமான கர்னலின் செய்திகளைப் பார்க்க வேண்டும், ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கொண்டு டிஸ்க்கின் உடல்நிலையைக் கேட்க வேண்டும். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கச் சொல்லிவிடுவேன். உரிமையாளர் அப்போது முகம் சுளிப்பார், அது வேறு.

எழுந்த பிறகு கோப்பு அமைப்பு படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போயிருந்தால், கர்னல் பிழையைக் கண்டு தற்காப்பாக அவ்வாறு செய்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதை வற்புறுத்தி எழுதும் நிலைக்குத் திருப்புவதற்கு முன் பேக்கப்பைப் பாருங்கள். கோப்பு அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை, இணைக்கப்பட்ட நிலையில் இருக்கும் டிஸ்க்கின்மீது ஒருபோதும் ஓட்டக் கூடாது.

தொலைவிலிருந்து வேலை பார்க்கும்போது மழையால் வேறொரு தொல்லையும் உண்டு. எஸ்எஸ்எச் இணைப்பு நடுவில் அறுந்தால் அதில் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இயங்குதளத்தை மேம்படுத்தும் நடுவில் இது நிகழ்ந்தால் சீர்செய்வதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே உள்ளே நுழைந்ததும் டிமக்ஸ் தொடங்கி அதற்குள்ளிருந்துதான் நீண்ட வேலைகளைச் செய்ய வேண்டும். இணைப்பு போனாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் என்றால் விட்ட இடத்தில் நிற்கலாம். பெரிய கோப்புகளுக்கு ஆர்சிங்கில் --பார்ஷியல் சேர்த்தால் பாதியில் நின்றது வீணாகாது. ஃபயர்வாலைத் தொலைவிலிருந்து திருத்துகிறவர், திருத்துவதற்கு முன்பே அட் கட்டளையால் பத்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளை மீட்டுவைக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்கலாம். புதிய விதியால் தானே வெளியே பூட்டப்பட்டாலும் பத்து நிமிடத்தில் கதவு திறக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ஏற்பாட்டை நீக்கிவிடலாம். பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் ஓர் எஸ்டேட் அலுவலகத்துக்குப் பேருந்து பிடித்துப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும். நம் அதிகாலை 2 மணி அங்கே முந்தைய நாளின் இரவு 8.30. அந்தக் கணக்கைப் போடாமல் எழுதிய பேக்கப், கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஓடத் தொடங்கும். கிரான்டாப் வரிக்குள் சதவீதக் குறி புது வரியாகக் கொள்ளப்படும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளையை எழுதுவோர் அதன் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காமலிருக்க எஃப்லாக் -என்.

பேக்கப் ஓடியதா என்பதைவிட, அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. தரவுத்தளத்தின் நகலை மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்துப் பைப் வழியாக, சுருக்கி வைக்கும் ஜிஜிப்புக்கு அனுப்புவது வழக்கமான முறை. டம்ப் கடவுச்சொல் தவறி முதல் நொடியிலேயே தோற்றாலும், பைப்பின் கடைசிக் கட்டளையான ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்து வெற்றி என்று சொல்லிவிடும். ஷெல்லும் அதைத்தான் நம்பும். மிஞ்சுவது சரியாக 20 பைட் கொண்ட ஒரு கோப்பு, அதாவது வெறுமையைச் சுருக்கியது. பேக்கப் கோப்புறையில் எல்எஸ் -எல் போட்டு 20 என்ற எண் வரிசையாக நிற்பதைக் கண்டால் வயிறு கலங்கும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் செட் -ஓ பைப்ஃபெயில் என்று ஒரு வரி சேர்த்தால் (இது முன்பு சொன்ன உரை மாற்றும் செட் அல்ல, ஷெல்லின் அமைப்பை மாற்றும் வேறு செட்), நடுவில் எது தோற்றாலும் முழுத் தொடரும் தோற்றதாகக் கணக்காகும். டார் -டிஜிஎஃப் கொண்டு உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டுப் பார்ப்பதும், ஜிஜிப் -டி கொண்டு கோப்பு முழுமையா என்று சோதிப்பதும் பார்க்கும் கட்டளைகளே. தயங்காமல் தினமும் ஓட்டலாம்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளைப் பற்றி ஆங்கிலக் கையேடுகளில் கிடைக்காத சில விவரங்கள் இருக்கின்றன. கல்லூரிகளும் அச்சகங்களும் இப்போது தாராளமாகத் தமிழில் பெயர் வைக்கின்றன. "கன்னியாகுமரி" என்ற சொல் நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் அது 12 குறியீடுகள். டபிள்யூசி -எம் இதைத்தான் சொல்லும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் டிஸ்க்கில் அது 36 பைட். டபிள்யூசி -சி சொல்வது இது. ஈஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் உச்சவரம்பு. ஆகவே 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் போனால் "பெயர் மிக நீளம்" என்று பிழை வரும். அழைப்பிதழின் முழு வாசகத்தையும் கோப்பின் பெயராக வைக்கும் அச்சக வாடிக்கையாளர்களுக்கு இதை எவ்வாறு விளக்குவது என்பது தனிக் கலை.

இதைவிடக் குழப்பமானது ஒகர வரிசை. "கொ" என்ற எழுத்தை க-வுக்குப் பின் ஒரே ஒகரக் குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, க-வை விட்டு அந்தக் குறிக்கு மட்டும் பைட்டில் ஒன்று 3, மற்றது 6. பழைய மேக் கணினிகளிலிருந்து வரும் கோப்புகளில் பிரித்து எழுதிய வடிவம் வருவதுண்டு. கண்முன்னே இருக்கும் "கொல்லங்கோடு" என்ற கோப்பை ஃபைண்ட் இல்லையென்று சொல்வதற்கும், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். எல்சி_ஆல்=சி (அனைத்தும் பெரிய எழுத்து) என்று முன்னால் வைத்து எல்எஸ் -பி ஓட்டினால் பெயரின் பைட்டுகள் எண்களாகத் தெரியும்; வேறுபாடு வெளிச்சத்துக்கு வரும். சரிசெய்ய கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. அதை --என்எஃப்சி விருப்பத்துடன் ஓட்டினால் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அதை எழுதியவர் எனக்குப் பிடித்த மாதிரி யோசித்திருக்கிறார்: --நோடெஸ்ட் என்று வெளிப்படையாகச் சொன்னாலொழிய அது எதையும் மாற்றாது, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். எல்லா மாற்றும் கட்டளைகளும் இப்படி இருந்திருக்கலாம்.

பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தும்போதும் கவனம் தேவை. குறியீட்டு எண்ணின்படி ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. ற-வும் ழ-வுக்கு முன்னால் வந்துவிடுகிறது. எல்சி_ஆல்=சி வைத்துச் சார்ட் செய்தால் அனு, அபி, அறிவு, அழகு என்று வரும். நெடுங்கணக்கு தெரிந்த தலைமை எழுத்தர் அபி, அழகு, அறிவு, அனு என்ற வரிசையை எதிர்பார்ப்பார். தமிழ் லொக்கேலை (மொழி அமைப்பை) நிறுவி அதன் கீழ் சார்ட் செய்வதே முறை. பழைய டிஸ்கி எழுத்துருவில் தட்டிய உரைக்கோப்புகள் கிடைத்தால், ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி என்ற குறியாக்கம் தெரியும்; அங்கிருந்து யூடிஎஃப்-8க்கு ஒரே வரியில் மாற்றிவிடலாம்.

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று சொல்லும்போது அப்டைம் கட்டளையைப் பார்க்க வேண்டும். அது காட்டும் மூன்று சராசரிச் சுமைகளும் 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. சிபியூக்களின் எண்ணிக்கையாக என்பிராக் காட்டும் எண்ணோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நிரல்களும் இந்தச் சுமையில் கணக்காகும். ஆகவே சிபியூ சும்மா இருக்கும்போதே சுமை ஏறி நிற்கலாம். விஎம்ஸ்டாட் 1 என்று ஓட்டி, முதல் வரியை விட்டுவிட்டு (அது தொடக்கத்திலிருந்தான சராசரி), அடுத்தவற்றில் காத்திருப்பைக் காட்டும் நெடுவரிசையைப் பார்த்தால் குற்றவாளி டிஸ்க்கா சிபியூவா என்பது தெரியும். ஃப்ரீ -எச் கட்டளையில் "அவைலபிள்" என்ற நெடுவரிசைதான் நம் கவலைக்குரியது. "ஃப்ரீ" குறைவாக இருப்பதைக் கண்டு நினைவகம் வாங்கச் சொல்ல வேண்டாம், லினக்ஸ் சும்மா இருக்கும் நினைவகத்தைக் கோப்புகளுக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது. நிரல் ஒன்று 137 என்ற எண்ணோடு முடிந்திருந்தால் 128உடன் 9 சேர்ந்தது, அதாவது யாரோ கில் -9 கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ பல வேளைகளில் நினைவகம் தீர்ந்துபோன கர்னலாகவே இருக்கும், டிமெசேஜில் அதன் வாக்குமூலம் கிடைக்கும்.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நான் பார்த்துக்கொள்ளும் எல்லா சர்வர்களிலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறையில் ஒரே பெயரில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அப்டைம், டிஎஃப் -எச், டிஎஃப் -ஐ, ஃப்ரீ -எச், தோற்றுப்போன சேவைகளைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு, லாஸ்ட் -எக்ஸ் கட்டளையின் முதல் சில வரிகள், எந்தெந்தப் போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லும் எஸ்எஸ் -டிஎல்என்பி, பேக்கப் கோப்புறையில் கடைசியாக வந்த கோப்புகளின் அளவு, பெயர் நீக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகள், டிஸ்க்கின் உடல்நிலை என்ற வரிசையில் அது காட்டும். அதில் ஒரு வரிகூட எதையும் மாற்றாது. ஆகவே நிறுவனத்தில் இருக்கும் கணக்குப் பிள்ளையிடமே அதை ஓட்டச் சொல்லி, திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். பாதிப் பிரச்சினைகள் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். ஸ்மார்ட்சிடிஎல், எல்எஸ்ஓஎஃப் இரண்டுக்கும், போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலின் பெயரைக் காட்டும் எஸ்எஸ் வரிக்கும் ரூட் அனுமதி வேண்டும். அந்த மூன்று வரிகளையும், அவற்றின் விருப்பங்களோடு அப்படியே, கடவுச்சொல் கேட்காமல் ஓட்டும்படி சூடோ பட்டியலில் சேர்க்கலாம். அந்தப் பட்டியலை விசூடோ வழியாக மட்டுமே திறக்க வேண்டும். சேமிப்பதற்கு முன் அது இலக்கணத்தைச் சரிபார்த்து, பிழை இருந்தால் எந்த வரி என்று சொல்லித் திரும்பவும் திருத்த விடும்.